தடவும் கைக்கு லைசென்சு உண்டா?
நாஞ்சில் நாட்டு ஆசான்களும் சர்க்கார் சட்டமும்

தென்னை மரத்தில் ஏறியவர் தவறி விழுந்துவிட்டார். கை வீங்குகிறது. எங்கே கொண்டு போவது?

இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் இப்படி ஒன்று நேர்ந்தால், கூடி நிற்பவர்களிடமிருந்து இரண்டு குரல்கள் எழும். "ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" என்பது ஒரு குரல். "அதெல்லாம் வேண்டாம் மக்கா, ஆசானைக் கூப்பிடு. தடவிக் கட்டினா சரியாயிரும்!" என்பது இன்னொரு குரல்.

இரண்டும் நல்லெண்ணத்தில் எழும் குரல்களே. ஆனால் இரண்டாவது குரலுக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்து கிடக்கிறது. அந்த ஆசானுக்கு வைத்தியம் செய்யச் சட்டப்படி உரிமை உண்டா?

கல்லூரிப் பட்டமோ, சர்க்காரின் பழைய பதிவோ இல்லாதவர் என்றால், உரிமை இல்லை. இதுதான் இன்றைய சட்டம். ஆனாலும் அவர் வாசலில் கூட்டம் குறையவில்லை. சட்டம் ஒரு பக்கம், ஊர் வழக்கம் ஒரு பக்கம். நடுவில் நிற்பது நோயாளி. இதை எப்படித் தீர்ப்பது?

களரியில் பிறந்த வைத்தியம்

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே கடலை ஒட்டிய ஊர் இராஜாக்கமங்கலம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு. ஒரு பக்கம் வயல். தெற்கே மீனவர் வாழும் துறை. மரம் ஏறுகிறவருக்கும், வலை இழுக்கிறவருக்கும், நாற்று நடுகிறவருக்கும் உடம்புதான் முதல். சுளுக்கும், பிசகும், முதுகுப் பிடிப்பும் அவர்களுக்கு அன்றாடச் சங்கதி.

இந்த மண்ணில் அடிமுறை என்ற போர்க்கலை வளர்ந்தது. களரியில் சிலம்பமும் சுவடும் சொல்லித் தந்தவர் ஆசான். அடிக்கத் தெரிந்தவருக்கு, அடிபட்டவனை எழுப்பவும் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் ஆசானே வைத்தியரும் ஆனார்.

உடம்பில் 108 வர்மங்கள் உண்டு என்று வர்ம நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அவற்றில் படுவர்மம் 12. தொடுவர்மம் 96. அந்த இடங்களில் அடிபட்டால் ஆபத்து என்பதும், அதற்கு இளக்குமுறை என்னும் மாற்று உண்டு என்பதும் ஆசான்களின் நம்பிக்கை. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதைச் சித்த வைத்தியம் 'தொக்கணம்' என்று சொல்லும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அது ஒன்பது வகை.

இந்த வித்தை ஓலைச்சுவடியிலும், தகப்பன் கையிலும், குருவின் கையிலும் இருந்தது. குரு பல ஆண்டு சீடனின் குணத்தைப் பார்த்த பிறகே சொல்லிக் கொடுப்பார். அவன் முன்கோபியானால் சொல்லித் தர மாட்டார். அன்று லைசென்சு கொடுத்தவர் குருதான்.

சட்டம் வந்த கதை

பிறகு சர்க்கார் வந்தது. பதிவேடு வந்தது.

1953-ல் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டம் நிறைவேறியது. அப்போது கன்னியாகுமரிப் பகுதி அந்த மாநிலத்தில்தான் இருந்தது. முன்பே தொழில் செய்து வந்த பரம்பரை வைத்தியர்களும் பதிவு செய்துகொள்ள அந்தச் சட்டம் இடம் தந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி குமரி, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியர்கள் பலர் பதிவு பெற்றார்கள். 'ஆர்.ஐ.எம்.பி.' என்று நான்கு எழுத்துக்கள் போட்ட பெயர்ப் பலகையைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 'பதிவு பெற்ற இந்திய வைத்தியர்' என்பது அதன் பொருள்.

1970-ல் பெரிய மாறுதல் ஏற்பட்டது. பாராளுமன்றம் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டத்தை நிறைவேற்றியது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் இனி அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும், பதிவு வேண்டும் என்றது அந்தச் சட்டம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கனவே பதிவு பெற்றிருந்தவர்களின் உரிமையை அது பறிக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர், "என் தகப்பனார் வைத்தியர், நானும் வைத்தியன்" என்று சொல்லும் வழி அடைபட்டது.

2020-ல் அந்தச் சட்டம் போய், இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. விதி அதேதான். அபராதம் மட்டும் லட்சக் கணக்குக்கு உயர்ந்தது.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

இதற்கிடையில் கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். "நாங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் செய்கிறோம். எங்களைத் தடுக்கக்கூடாது" என்பது அவர்கள் வாதம். 1953-ம் ஆண்டுச் சட்டத்தையும் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். குமரிக்கும் சொந்தமாயிருந்த அதே பழைய சட்டம்தான்!

2018 ஏப்ரல் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வாதம் எடுபடவில்லை. அங்கீகாரம் பெற்ற தகுதி இல்லாதவர் வைத்தியம் செய்யக்கூடாது, பயிற்சி இல்லாதவர்களால் பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து என்று கோர்ட்டு கருதியது.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு நம் ஊர் ஆசான்களுக்கு வருத்தம் வருவது இயற்கை. ஆனால் கோர்ட்டின் கவலையை வீண் கவலை என்று தள்ளிவிட முடியுமா?

கட்டு இறுகினால் கை போகும்

ஒரு குழந்தை கையை ஊன்றி விழுகிறது. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே வீக்கம் ஏறுகிறது. கட்டு இடம் கொடுக்கவில்லை. இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சில மணி நேரத்தில் சதை செத்துப்போகத் தொடங்குகிறது. உயிர் பிழைத்தாலும் விரல்கள் கொக்கிபோல் மடங்கி, ஆயுள் முழுவதும் கை உதவாமல் போகலாம். சதை அழுகிவிட்டால் கையையே எடுக்க நேரும்.

இது நாட்டு வைத்தியரால் மட்டும் வருகிற கேடு அல்ல. ஜெர்மனி நாட்டு அறுவை வைத்தியர் ரிச்சர்ட் வோல்க்மன், இறுக்கமான கட்டினால் கை முடங்குவதைப் பற்றி 1881-லேயே எழுதினார். ஆங்கில வைத்தியத்தில் இந்தக் கேட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஆகவே குற்றம் மூங்கில் பத்தையின் மீது அல்ல. கட்டிய பிறகு விரல் நிறம் மாறுகிறதா என்று பார்க்காததே குற்றம். எக்ஸ்ரே எடுக்காமல் முறிவைப் பிசகு என்று நினைத்துத் தடவுவது குற்றம். "என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லாமல் இருப்பது பெருங்குற்றம்.

நல்ல ஆசான் இவற்றை எல்லாம் அறிவார். அறியாதவரும் பலகை மாட்டுகிறார். வெளியூரிலிருந்து வருகிற நோயாளி இருவரையும் எப்படிப் பிரித்து அறிவார்? அதற்கு வழியே இல்லை. சட்டம் இருவரையும் ஒரே தராசில் வைத்து, இருவருமே சட்ட விரோதம் என்கிறது. இதனால் நல்லவருக்குத் தன்னை நிரூபிக்க வழி இல்லை. கெட்டவருக்கு அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயமும் இல்லை.

கல்லூரிக் கதவு

"சித்த வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றனவே, அங்கே படித்துவிட்டு வரட்டுமே" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நம் மாவட்டத்திலேயே முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதை நடத்துவது அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கம். மாநிலத்தின் பெயர் மாறியும் சங்கத்தின் பெயர் மாறவில்லை. சென்னை தாம்பரத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. வர்மமும் புறமருத்துவமும் இன்று கல்லூரிப் பாடங்கள். இது சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

ஆனால் அந்தப் படிப்புக்கு ஐந்தரை ஆண்டு ஆகும். பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடம் படித்து, நீட் பரீட்சை எழுதி இடம் பிடிக்க வேண்டும். ஆசானின் பேரன் அதைச் செய்யலாம். சிலர் செய்தும் இருக்கிறார்கள். ஐம்பது வயது ஆசான் செய்ய முடியுமா? சுளுக்கு எடுப்பதும், பிடித்துவிடுவதும் மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒருவர், அதற்காக முழு வைத்தியராக வேண்டும் என்பது பொருத்தமா? மாட்டு வண்டிக்கு அச்சாணி செய்கிறவரை என்ஜினீயரிங் படித்து வா என்பது போல அல்லவா இருக்கிறது!

எண்ணெய், மசாஜ், போலீஸ்

இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நகரங்களிலும், சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊர்களிலும் மசாஜ் நிலையங்கள் பெருகிவிட்டன. உடல் அலுப்புக்குப் பிடித்துவிடுவது வைத்தியமா, வெறும் சேவையா? இதற்குத் தெளிவான கோடு கிடையாது. ஆகவே வைத்தியச் சட்டம் அங்கே எட்டிப் பார்ப்பது அபூர்வம். எட்டிப் பார்ப்பது போலீஸ்தான்.

2021 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர், மசாஜ் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சில நாட்களில், 2022 ஜனவரியில், மதுரைக் கிளையின் நீதிபதி ஒருவர் வேறு கருத்துச் சொன்னார். ஒருவர் ஆடை தளர்த்திப் படுத்திருக்கும் இடத்தில் கேமரா வைப்பது அவருடைய அந்தரங்க உரிமையைப் பறிப்பதாகும், சந்தேகத்தை மட்டும் வைத்து அப்படிச் செய்யக்கூடாது என்பது அவர் கருத்து.

இரண்டுமே ஒழுக்கத்தையும் அந்தரங்கத்தையும் பற்றிய பேச்சு. உள்ளூர் நிர்வாகம் கொடுக்கும் தொழில் லைசென்சு கட்டடத்தைப் பார்க்கிறது. போலீஸ் ஒழுக்கத்தைப் பார்க்கிறது. "கழுத்தைத் திருகுகிறாயே, எங்கே கற்றாய்? எப்போது திருகக்கூடாது என்று தெரியுமா?" என்று கேட்பவர் யார்? ஒருவரும் இல்லை. கழுத்தை வேகமாகத் திருகினால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் தீராத துன்பம்.

இடத்துக்கு லைசென்சு இருக்கிறது. கைக்கு லைசென்சு இல்லை. இதுதான் இன்றைய நிலை.

ஜப்பான் காட்டும் வழி

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள்?

ஜப்பானில் மசாஜ் தொழிலுக்கு 1947-லேயே சட்டம் செய்தார்கள். குறைந்தது மூன்று ஆண்டு படிக்க வேண்டும். பரீட்சையில் தேற வேண்டும். கண் பார்வை இல்லாதவர்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே இந்தத் தொழிலில் பேர் பெற்றவர்கள். பார்வையற்றோர் பள்ளிகளிலேயே இதைக் கற்பிக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு விதி கவனிக்கத் தக்கது. முறிந்த எலும்பையும், பிசகிய மூட்டையும் டாக்டர் சம்மதம் இல்லாமல் மசாஜ்காரர் தொடக்கூடாது!

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். ஜூடோ என்ற மல்யுத்தக் கலை ஆசான்கள் அங்கே எலும்பு கட்டுவதிலும் கைதேர்ந்தவர்கள். நம் களரி ஆசான்களைப் போலவே! அவர்களுக்கென்று ஜப்பான் தனிச் சட்டம் செய்தது. எந்த ஆண்டு தெரியுமா? 1970. நம் பாராளுமன்றம் சட்டம் செய்த அதே ஆண்டு. அதில் உள்ள விதி இது: முதலுதவியாகக் கட்டலாம், அதற்கு மேல் முறிவுக்கும் பிசகுக்கும் வைத்தியம் செய்ய டாக்டர் சம்மதம் வேண்டும். இப்படி அந்த ஆசான்கள் டாக்டர் ஆகாமலே, பரீட்சை எழுதிப் பதிவு பெற்ற தொழிலாளர் ஆனார்கள்.

பக்கத்திலுள்ள இலங்கையைப் பாருங்கள். அங்கே 1961-ல் ஆயுர்வேதச் சட்டம் வந்தது. முறிவு வைத்தியர், விஷக்கடி வைத்தியர் என்று தனித்துறைப் பதிவுக்கு அங்கே இடம் உண்டு. தெரிந்த துறையில் மட்டும் உரிமை. அதைத் தாண்டினால் இல்லை.

நம் நாட்டிலும் ஒரு சிறு முயற்சி இருக்கிறது. இந்தியத் தரக் கவுன்சில், கிராமத்துப் பாரம்பரிய வைத்தியர்களைச் சோதித்துச் சர்ட்டிபிகேட் கொடுக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. எலும்பு முறிவு வைத்தியமும் அதில் ஒரு பிரிவு. நல்ல காரியம். ஆனால் விரும்பியவர் மட்டும் வாங்கலாம். வாங்கியவருக்கும் அது வைத்தியம் செய்யும் சட்ட உரிமை ஆகாது. சுவரில் மாட்டலாம், போலீஸ் வந்தால் காட்டிப் பயன் இல்லை.

என்ன செய்யலாம்?

முழுக் கதவைத் திறக்க வேண்டாம். ஒரு சிறு கதவைத் திறந்தால் போதும்.

தடவுதல், பிடித்துவிடுதல், சுளுக்கு எடுத்தல், முதலுதவிக் கட்டு ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு தனிப் பதிவேடு வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், எலும்பு வைத்திய டாக்டர் ஒருவர், மூத்த ஆசான் ஒருவர் என மூவர் அமர்ந்து சோதிக்கட்டும். எழுத்துப் பரீட்சை வேண்டாம், கைப் பரீட்சை வைக்கட்டும். எதைச் செய்யத் தெரியும் என்று மட்டுமல்ல, எதைச் செய்யக்கூடாது என்பதும் தெரியுமா என்று கேட்கட்டும். தேறியவருக்குச் சீட்டு கொடுக்கட்டும். அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாசலில் மாட்டச் சொல்லட்டும்.

இதை எதிர்ப்பவர்களும் உண்டு. "அரைச் சீட்டுக் கொடுத்தால், முழு டாக்டர் என்று பலகை மாட்டிவிடுவார்கள்" என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே வரம்பை மீறினால் சீட்டைப் பறிக்க வேண்டும். புற்றுநோய், நீரிழிவு, பக்கவாதம் முதலிய 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதைச் சரிவர நடத்தினாலே பாதிப் போலிகள் ஓடிவிடுவார்கள். சீட்டு இல்லாத இன்றும் போலிகள் இருக்கத்தானே செய்கிறார்கள்? சீட்டு வந்தால் கேட்டுப் பார்க்கவாவது ஒன்று இருக்கும்.

குடும்பத்தார் கவனத்துக்கு

சர்க்கார் செய்யும்போது செய்யட்டும். அதுவரை வீட்டிலுள்ளவர்கள் சில விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

விழுந்த இடம் கோணலாக இருந்தாலும், வேகமாக வீங்கினாலும் தடவ விடாதீர்கள். அசையாமல் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் மற்றது.

கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடினால் ஆபத்து. விரல் சில்லிட்டாலும், வெளுத்தாலும், நீலம் பூத்தாலும், மரத்துப் போனாலும், அசைக்க முடியாவிட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டைத் தளர்த்திக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

வயதானவர் இடுப்படிபட விழுந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது பிசகு அல்ல. இடுப்பு மூட்டு முறிவாக இருக்கலாம். எண்ணெய் போடாதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் பிடித்துவிடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும்.

கடைசியாக ஒன்று. வைத்தியரிடம், அவர் ஆசானானாலும் டாக்டரானாலும், "இதில் எது உங்களால் ஆகாது?" என்று கேளுங்கள். ஆகாததை ஒளிக்காமல் சொல்கிறவரை நம்பலாம். "எல்லாம் ஆகும்" என்கிறவரிடம் குழந்தையின் கையை ஒப்படைக்காதீர்கள்.

நாஞ்சில் நாட்டு ஆசான்களின் வித்தை அழிய வேண்டியது அல்ல. ஒளிந்து வாழ வேண்டியதும் அல்ல. வெளிச்சத்துக்கு வந்து, அளவோடு நின்று, பெயரோடு வாழ வேண்டியது. அதற்கான சிறு கதவைத் திறக்கும் பொறுப்பு சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறது. பழைய பதிவுக்காரர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்கள் கையில் உள்ளது போய்விடும் முன்னால் அந்தக் கதவு திறக்க வேண்டும்.